கறுப்பாகத் தெரிந்தால் நல்லதா, கெட்டதா?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்த வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். கவரைப் பிரிப்பார்கள், ரிப்போர்ட்டை ஓரமாக வைப்பார்கள், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கறுப்பை எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் எண்ணியவர் மச்சான். காதுக்குக் கீழே ரெண்டு பக்கமும், தாடைக்கு அடியில், இடுப்புக்கு மேலே பெரிதாக ரெண்டு, நடுவயிற்றில் வளைந்து வளைந்து ஒன்று, அடிவயிற்றில் எல்லாவற்றையும்விடக் கறுப்பாக ஒன்று. எண்ண எண்ண அவர் முகம் மாறிக்கொண்டே போனது. அக்கா உள்ளே போய் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் எண்ணியதில் ஒன்றுகூட நோய் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகள், சிறுநீரகங்கள், சிறுகுடலின் மேல்பகுதி, சிறுநீர்ப்பை. இந்த ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் போடும் கதிர்வீச்சு மருந்தை யாருக்குப் போட்டாலும் இங்கெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். நோய் இருந்த இடங்கள், அதாவது கீழ்முதுகு எலும்பிலும் இடுப்பெலும்பிலும் இருந்த சின்னச் சின்னத் திட்டுகள், அவர் கண்ணில் படவே இல்லை.

ஸ்கேன் எடுத்துக்கொண்ட நைனா, அதாவது என் அப்பா, மட்டும் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். "மருந்து போய் ஒட்டிக்கினு கீதுன்றாங்களே, அது நல்லதா கெட்டதா?"

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் மருத்துவன் இல்லை. குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் இந்த வைத்தியத்துக்காக நைனாவோடு வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் அலைந்ததில், காத்திருக்கும் நேரத்தில் படிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

நைனா தறிக்காரர். வாழ்நாள் முழுக்கத் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்த மனுஷனுக்கு முதுகு வலிக்கிறது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் பக்கத்து வழக்கப்படி முதலில் புத்தூர் எண்ணெய், அப்புறம் வலி மாத்திரை, அப்புறம் பெல்ட். ராத்திரி எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போவதை வயசுக் கணக்கில் எழுதிவிட்டோம். கடைசியில் ஒரு டாக்டர், புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏ பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சாதாரணமாக 4-க்குள் இருக்க வேண்டியது நூறுகளில் இருந்தது. அறுபதைத் தாண்டிய ஆணுக்கு விடாத முதுகுவலி என்றால் எக்ஸ்ரேயோடு சேர்த்து இந்த ரத்தப் பரிசோதனையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். அதற்கு ஆகிற செலவு, பெல்ட்டுக்கு ஆன செலவை விடக் குறைவு.

சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி, எலும்பு ஸ்கேன் எல்லாம் ஆன பிறகு முதல் வைத்தியம், ஆண் ஹார்மோனை நிறுத்துவது. இந்தப் புற்றுநோய் அந்த ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டே இருக்கலாம், அல்லது ஒரு சின்ன ஆபரேஷனில் விரைகளை எடுத்துவிடலாம். நைனா செலவைக் கேட்டார், ஆபரேஷன் என்றார், பேச்சு முடிந்தது. அம்மாவிடம் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்புறம் மிச்சமிருக்கும் ஹார்மோனையும் அடக்கும் அபிராட்டிரோன் மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதால் விடியற்காலை டீக்கடைக்குப் போகும் பழக்கம் தள்ளிப்போனது. நல்லாவே இருந்தார். சில வருடங்கள் கழித்து பிஎஸ்ஏ மெல்ல ஏற ஆரம்பித்தது. கீமோவுக்குக் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. ஹார்மோன் இல்லாமலேயே வளரக் கற்றுக்கொண்டுவிட்டது என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் லுட்டீசியம் என்ற கதிர்வீச்சு மருந்தின் பேச்சு வந்தது. அதற்கு முன்னால் இந்தப் படம்.

முதலில் எடுத்த எலும்பு ஸ்கேனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பழைய ஸ்கேன் புற்றுநோயைப் பார்ப்பதில்லை. எலும்பு எங்கெல்லாம் பழுது பார்த்துக்கொள்கிறதோ அந்த இடங்களைக் காட்டும். பழைய முறிவு, மூட்டுத் தேய்மானம் எல்லாம் அதில் தெரியும். பிஎஸ்எம்ஏ ஸ்கேன் நேராகப் புற்றுநோய்ச் செல்லையே தேடிப் போகிறது. பிஎஸ்எம்ஏ என்பது புரோஸ்டேட் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ வேறு, இது வேறு. சாதாரணச் செல்லிலும் இது உண்டு, புற்றுநோய்ச் செல்லில் பல மடங்கு கூடுதலாக உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுநீரகமும் சிறுகுடலும் இந்த மருந்தைத் தாங்களாகவே இழுத்துக்கொள்ளும் உறுப்புகள். மச்சானைப் பயமுறுத்தியது அதுதான்.

இந்தப் புரதத்தைக் குறிவைக்கும் யோசனை புதிதில்லை. 1996-லேயே அமெரிக்காவில் ஒரு மருந்து அனுமதி பெற்றது. ஆனால் அது புரதத்தின் உள்பக்க நுனியில் போய் ஒட்டக்கூடியது. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் அதனால் நுழைய முடியாது. செத்துக்கொண்டிருக்கும் செல்லைத்தான் காட்டும். வெளிப்பக்கத்தில் ஒட்டக்கூடிய சின்ன மூலக்கூறுகள் வந்த பிறகுதான் கதை மாறியது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான பிஎஸ்எம்ஏ-11 அப்படி வந்து உலகம் முழுக்கப் பரவியது. 2020 டிசம்பரில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

அந்த மூலக்கூறின் ஒரு முனை புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் ஒரு உலோக அணுவை உட்கார வைக்கும் கூண்டு. விஷயமே அந்தக் கூண்டில்தான் இருக்கிறது. அதில் கதிர்வீசும் காலியம்-68 வைத்தால் படம் எடுக்கலாம். கிட்டத்தட்ட அதே அமைப்பில் லுட்டீசியம்-177 வைத்தால் வைத்தியம். தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிர்வீசும் அயோடின் கொடுப்பதை எங்கள் ஊர்ப்பக்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் இதே வழிதான். எங்கே போய்ச் சேர்கிறது என்று முதலில் படத்தில் பார்த்துவிட்டு, அதே வழியில் வைத்தியத்தை அனுப்புவது.

அதனால்தான் நைனாவின் கேள்விக்கு டாக்டர் மேடம் தயங்காமல் பதில் சொன்னார். "அப்பாவுக்கு நல்லா எடுத்திருக்கு. நல்லா எடுத்தாத்தான் லுட்டீசியம் வேலை செய்யும்." நோய் பரவியிருக்கிறது என்பது கெட்ட சேதி, அதை மாற்ற முடியாது. பரவிய இடமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது என்பது, மருந்து அங்கெல்லாம் போகும் என்ற நல்ல சேதி. ரெண்டும் ஒரே படத்தில்.

கெட்டது எப்போது என்று கேட்டால், சிடி ஸ்கேனில் கட்டி இருக்கிறது, பிஎஸ்எம்ஏ படத்தில் அந்த இடம் வெளுத்துக் கிடக்கிறது என்னும்போதுதான். இந்தப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் போதிய அளவு இருப்பதில்லை. சிலருக்கு எலும்பில் இருக்கும், கல்லீரலில் இருக்காது. ஸ்கேன் வரிசையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளத்துப் பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. கல்லீரலில் இருந்தது எதுவும் மருந்தை எடுக்கவில்லை. அவர் மகன் என்னிடம் போனைக் காட்டி, "உங்க அப்பாவுக்கு இவ்வளவு கறுப்பு, எங்க அப்பாவுக்கு இல்லையே, எங்க அப்பாவுக்கு நோய் குறைவுதானே?" என்று பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் கேட்டான். எனக்குத் தெரிந்த இந்தியில் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரையை ஊசியில் போட்டு எடுக்கும் சாதாரண பெட் ஸ்கேனையும் சேர்த்து எடுக்கச் சொல்வது இப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான். பணம் பிடுங்க ரெண்டு ஸ்கேன் எழுதுகிறார்கள் என்று லாட்ஜ் வாசலில் பேசுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

லாட்ஜ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததில், வேலூர் ஊரே ஆஸ்பத்திரியைச் சுற்றி அமைந்துவிட்டது. பாபுராவ் தெருவில் நடந்தால் போர்டில் வங்காள எழுத்து, ஓட்டலில் மீன்குழம்பு. அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாள்கணக்கில் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்கள் எல்லாம் முற்றிய பிறகுதான் வருகிறோம்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். காலியம்-68-ன் அரை ஆயுள் 68 நிமிடம், அதாவது அதற்குள் பாதி தீர்ந்துவிடும். மும்பையிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது, வரும் வழியிலேயே தீர்ந்துபோகும். அதனால் ஆஸ்பத்திரியிலேயே ஜெனரேட்டர் என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், கரண்ட் ஜெனரேட்டர் இல்லை. உள்ளே 271 நாள் அரை ஆயுளுள்ள ஜெர்மானியம்-68 இருக்கும். அது சிதையச் சிதைய காலியம் ஊறும். ஆசிட் கரைசலை உள்ளே விட்டு அதை வடித்தெடுப்பார்கள். இந்தத் துறைக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பசு என்றும் வடிப்பதைப் பால் கறப்பது என்றும் சொல்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கறந்தால் மறுபடி ஊற சில மணி நேரமாகும். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் என்று அவர்கள் கறாராக இருப்பது இதனால்தான். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரத்தில் செய்யும் ஃப்ளோரின்-18 வகையும் உண்டு. அதற்கு 110 நிமிடம், கொஞ்சம் தூரத்திலிருந்தும் கொண்டுவரலாம்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் போல உட்கார வைப்பார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், படுக்கப் போவதற்கு முன்னால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது. பை நிரம்பியிருந்தால் அந்தக் கறுப்பு பக்கத்திலிருக்கும் புரோஸ்டேட்டை மறைத்துவிடும். நைனாவுக்கு இது பெரிய சோதனை. நினைத்தபோது போகவும் வராது, வந்தால் அடக்கவும் முடியாது. உள்ளே இருந்த டெக்னீஷியன் பையன் அவசரப்படுத்தவே இல்லை. "தாத்தா, நிதானமா போயிட்டு வாங்க, மெஷின் எங்கேயும் போயிடாது" என்றான். அந்தப் பையனுக்கு நன்றி.

படத்தில் தெரியும் எல்லாக் கறுப்பும் நோயில்லை என்பதற்கு இன்னொரு உதாரணம், நைனாவின் விலா எலும்பில் இருந்த ஒரு புள்ளி. ரிப்போர்ட்டில் அதைச் சந்தேகம் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். விலாவில் தனியாகத் தெரியும் மங்கல் புள்ளி பல நேரம் ஒன்றும் இல்லாததாக இருக்கும். பழைய அடியாகவும் இருக்கலாம். நரம்பு முடிச்சுகள்கூட நெறிகட்டியது மாதிரி தோற்றம் காட்டும். படத்தை விடுங்கள், ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் படியுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

லுட்டீசியம் வேறு மாதிரி. அரை ஆயுள் ஆறரை நாளுக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவில் டிராம்பேயில் 1985-லிருந்து ஓடும் துருவா அணு உலையில் இதைத் தயாரிக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும் சரக்கு என்பதால் நம் வசதிக்குத் தேதி கேட்க முடியாது. சரக்கு வரும் நாள்தான் நம் நாள். ஒரு தடவை எல்லாம் தயாராகி, பையும் கட்டி வைத்த பிறகு போன் வந்தது, அடுத்த வாரம் வாருங்கள் என்று. நைனாவுக்குக் கோபம். பாவு நூல் வராமல் தறி நின்ற நாட்கள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ரத்த அணுக்களும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சரியாக இருந்தால்தான் போடுவார்கள். போடுவது என்னவோ கையில் ஒரு சாதாரண ஊசி, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுப்பதோடு, அதாவது ஊரில் சொல்லும் கரண்ட் வைப்பதோடு, இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இது உள்ளே போய்ச் செல்லில் ஒட்டி, செல்லுக்குள் இழுக்கப்பட்டு, அங்கிருந்து பீட்டா துகள்களை வீசுகிறது. அந்தத் துகள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போல ஓடும், பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும். பக்கத்துச் செல்லையும் தாக்கும், தூரத்து உறுப்பைத் தொடாது. கூடவே கொஞ்சம் காமா கதிரும் வெளியே வருவதால் ஊசிக்குப் பின்னாலும் ஒரு படம் எடுத்து, மருந்து போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறதா என்று பார்க்க முடிகிறது.

அந்த அறை தனி அறை. கழிப்பறையிலிருந்து போகும் நீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது, தனித் தொட்டியில் தேக்கிக் கதிர்வீச்சு அடங்கிய பிறகே வெளியே விடுவார்கள். நைனாவை நோகடித்தது ஊசியில்லை, உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், சிதறக் கூடாது, ரெண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற விதி. "இந்த வயசுல ஒன்னுக்குப் போறதுக்குக் கூட கிளாஸ் எடுக்கறாங்கடா" என்றார். கதிர்வீச்சு மீட்டரைத் தூரத்தில் பிடித்து அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாள் தனிப் படுக்கை, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளக் கூடாது. அக்கா பையன் தாத்தா தாத்தா என்று வாசல்படியில் நின்று கத்துவான், நைனா திண்ணையிலிருந்தே கதை சொல்வார். தெருவில் ஒரு வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்று அம்மா போய்ச் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், ஆனாலும் ஒதுங்கியே நடந்தார்கள்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். ஏனென்றால் இதை யாரும் வீட்டாருக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. விஷன் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. ஹார்மோன் மாத்திரை, கீமோ எல்லாம் பார்த்துவிட்ட 831 பேர். வழக்கமான வைத்தியத்தோடு லுட்டீசியமும் எடுத்தவர்களின் நடுமதிப்பு ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 15.3 மாதம், எடுக்காதவர்களுக்கு 11.3 மாதம். ஆறு வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு ஊசி வரை. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி வந்தது இதை வைத்துத்தான். ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடந்த தெராபி ஆய்வில், பிஎஸ்ஏ பாதிக்கு மேல் குறைந்தவர்கள் லுட்டீசியத்தில் 66 சதவீதம், கபாசிடாக்சல் கீமோவில் 37 சதவீதம். 2025 மார்ச்சில் கீமோவுக்கு முன்னாலேயே சிலருக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதியை விரித்தார்கள்.

நாலு மாதம்தானா என்று மச்சான் கேட்டார். நடுமதிப்பு அது; சிலருக்கு ஒன்றும் பலிக்காது, சிலருக்கு வருடக்கணக்கில் பலிக்கும். ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நிலத்தை விற்றுப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது நோயை வேரோடு எடுக்கும் வைத்தியம் என்று எங்களிடம் ஒரு புரோக்கர் சொன்னான். பொய். நோயை அடக்கி வைக்கும், வலியைக் குறைக்கும், நாளைக் கூட்டும். நைனாவுக்கு ரெண்டாவது ஊசிக்குப் பிறகு ராத்திரித் தூக்கம் வந்தது, வலி மாத்திரை பாதியானது. எங்கள் கணக்கில் அதற்கே பணம் செரித்துவிட்டது.

கொடுத்த விலை நாக்கில் தெரிகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி மருந்தை இழுத்ததல்லவா, லுட்டீசியத்தையும் இழுக்கும். விஷன் ஆய்வில் பத்தில் நாலு பேருக்கு வாய் உலர்ந்தது. நைனாவுக்கும் உலர்ந்தது. ஆம்பூர் பிரியாணி என்றால் உயிரை விடுகிற மனுஷன், இப்போது சோறு தொண்டையில் நிற்கிறது என்கிறார். கத்திரிக்காய்க் குழம்பை ரெண்டு கிண்ணம் வாங்கி, பிரியாணியைச் சாம்பார்சாதம் போல் பிசைந்து சாப்பிடுகிறார். ஓட்டலில் பார்க்கிறவர்கள் முறைக்கிறார்கள். பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் எலுமிச்சை மிட்டாய். களைப்பும் உண்டு, ஊசி போட்ட அடுத்த வாரம் முழுக்கத் திண்ணையிலேயே கிடப்பார்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு தடவை அந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கம்பெனியில் ஒருவர் கேட்டார். வேண்டாம். பிஎஸ்ஏ பார்க்காமல், பயாப்சி இல்லாமல், முழு உடல் செக்கப் மாதிரி எடுக்கிற ஸ்கேன் இல்லை இது. நோய் உறுதியாகி, பரவியிருக்கும் ஆபத்து அதிகம் என்றால் ஆரம்பத்திலேயே எடுப்பது பயனுள்ளதுதான். ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட 302 பேரிடம் பார்த்ததில் இந்த ஸ்கேன் 92 சதவீதம் சரியாகச் சொன்னது, பழைய சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். ஆபரேஷனோ கதிர்வீச்சோ முடிந்து பிஎஸ்ஏ மறுபடி தலைகாட்டும்போதும் உதவும். அதற்கு வெளியே எடுத்தால் மச்சான் மாதிரி எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நைனாவின் பிஎஸ்ஏ நன்றாக இறங்கி, இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. அடுத்து ஆக்டினியம்-225 என்று ஒன்று இருப்பதாக மேடம் சொன்னார். அது ஆல்ஃபா துகள் வீசுவது. ஓடும் தூரம் இன்னும் குறைவு, அடி பலமடங்கு அதிகம். வாய் உலர்வது லுட்டீசியத்தைவிட மோசமாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நைனா யோசித்துவிட்டு, "இருக்கிற எச்சிலு போதும் மேடம், ஏறுனா பாத்துக்கலாம்" என்றார். மேடமும் சிரித்துவிட்டு, ஆறு வாரம் கழித்துப் பிஎஸ்ஏ பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதினார்.